சிவப்புப் பொட்டு

மாலை நான்கு பத்து. மலேசியாவின் கிள்ளான், ரிமோட் கார் பந்தயத்திடல்.

இறுதிச் சுற்றில் முன்னணியில் ஓடிய எவலினின் பக்கி ரகக் கார், வளைவில் நின்றுவிட்டது. மோட்டார் அலறியது. சக்கரங்கள் அசையவில்லை. லோகனின் வண்டி அதைத் தாண்டிப் போய் வென்றது. வென்றவருக்குத்தான் பேங்காக் போட்டியில் இடம்.

எவலின் தன் மேசையில் வண்டியைத் திறந்தாள். ஸ்பர் என்கிற பெரிய பிளாஸ்டிக் பற்சக்கரம் காலையில் மாட்டிய புதுசு. அதில் பாதிப் பற்கள் இல்லை. அதைச் சுழற்றும் பினியன், மோட்டார் முனையில் இருக்கும் சிறிய இரும்புச் சக்கரம். அதன் பற்கள் முள்ளாகத் தேய்ந்திருந்தன. தேய்ந்த பினியன் புது ஸ்பரைத் தின்றுவிடும்.

அவள் நேராகப் போய் லோகனை அறைந்தாள்.

"என் பினியன மாத்திட்டியேடா!"

"பைத்தியமா? உன் டேபிள் பக்கமே நான் வரலை லா!"

நடுவர் ராதாகிருஷ்ணன் குறுக்கே வந்தார். "அவன் செஞ்சிருந்தா இடம் உனக்கு. இல்லன்னா ரிசல்ட் நிக்கும்."

பார்க்க வந்திருந்த மலர்விழி முன்னால் வந்தாள். போலீஸ் சார்ஜன். இன்று அவளுக்கு விடுமுறை.

"காலையில என்ன நடந்துச்சு?"

"பழைய ஸ்பர், பினியன் ரெண்டையும் கழட்டினேன் அக்கா. கழிச்ச சாமானுக்கு நகப்பூச்சுல பொட்டு வெப்பேன். வெச்சுட்டு மீட்டிங்குக்குப் போனேன். புதுச அண்ணன் மாட்டினாரு."

அண்ணன் வாலண்டைன் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றான். பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னர் வாடை அடித்தது.

மலர்விழி குப்பைத் தொட்டியிலிருந்து பழைய ஸ்பரை எடுத்தாள். சிவப்புப் பொட்டு இருந்தது. வண்டியிலிருந்த பினியனைத் திருப்பினாள். பொட்டு இல்லை.

"பாத்தீங்களா?" எவலின் கத்தினாள். "இது என்னோடது இல்ல. அவனோடது!"

மலர்விழி பினியனின் திருகாணியைக் கழற்றி, துளையை வெயிலில் பிடித்தாள். உள்ளே சிவப்பாக ஒரு கோடு.

"உன்னோடதுதான். பொட்டு துளைக்குள்ள வழிஞ்சிருக்கு."

எல்லாரும் வாலண்டைனைப் பார்த்தார்கள்.

"நீதானே சொன்னே," என்றான் அவன் தங்கையிடம். "'பினியன் பழசப் போட்டுரு'ன்னு. போட்டேன்."

"தூக்கிப் போடச் சொன்னேன்!"

"'தூக்கி'ன்னு சொன்னியா? வண்டியில போடச் சொல்றேன்னு நெனச்சேன்."

எவலின் நினைத்துப் பார்த்தாள். காலையில் அந்தச் சொல்லை அவள் சொல்லியிருக்கவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். ராதாகிருஷ்ணன் கிளம்பத் திரும்பினார்.

"இருங்க அங்கிள்," என்றாள் மலர்விழி. "தப்பாக் கேட்டவன் அப்படியே மாட்டியிருப்பான். பொட்ட ஏன் அழிக்கணும்?"

வாலண்டைன் துணியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்தான்.

"மீட்டிங் முடிஞ்சு வந்து எவலின் வண்டியப் பாப்பா. பொட்டு இருந்தா தெரிஞ்சிரும். அந்தத் துணியக் கொடுங்க."

அவன் கொடுக்கவில்லை. அவளே பிடுங்கி விரித்தாள். கிரீஸ் கறைக்கு நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு.

"வாலண்டைன், நீங்கதான்."

"ஆமா!" அவன் மேசையை உதைத்தான். "இவளுக்கு ஓட்டக் கத்துக்கொடுத்தது நான். இப்போ இவ டூல்பாக்ஸத் தூக்கிட்டுப் பேங்காக் வரணுமா? எல்லாரும் என்னை எவலின் மெக்கானிக்னு கூப்பிடணுமா?"

"உங்க டேபிள்லயே நடந்திருக்கு," என்றார் ராதாகிருஷ்ணன். "ரிசல்ட் நிக்கும்."

லோகன் கன்னத்தைத் தடவினான். "அந்த அறை தப்பு அட்ரஸ் லா."

"சாரி, லோகன்," என்றாள் எவலின், அவனைப் பார்க்காமல்.

கருவிப் பெட்டியிலிருந்து நகப்பூச்சை எடுத்தாள். அண்ணன் கழுத்தில் தொங்கிய மெக்கானிக் பாஸ் அட்டையைப் பற்றி இழுத்தாள். அவன் பெயருக்கு மேல் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள்.

"தூக்கிப் போட்டுட்டேன். இப்போ சரியாக் கேட்டுச்சா, அண்ணே?"