மீட்டெடுத்தவர் யார்?

அந்த ஒரு மெயிலைத் திறக்காமல் இருந்திருந்தால்? திறக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கியதா, இல்லையா? தயங்கியிருந்தால் தெரிந்தே செய்ததாகிவிடும். தயங்காமல் இருந்திருந்தால் அதைவிட மோசம். இரண்டு நாளாக அவள் தன் விரலையே வேறு யாருடையதோபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைப்பவள் அவள். திங்கட்கிழமை மதியம், ஒரு கல்யாணத்தின் நாலாயிரம் படங்களும் திறக்க முடியாதபடி பூட்டிக்கொண்டன. கேமரா கார்டுகளை முன்பே அழித்தாயிற்று. வேறு பிரதி கிடையாது.

கணினி பழுதுபார்ப்பவள் தன் தங்கையோடு வந்து சேர்ந்தபோது முதலாளி உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இந்தப் பொண்ணு கண்ட மெயிலையும் திறந்து வைரஸை உள்ள விட்டுடுச்சு. அதை மட்டும் எழுதிக் குடுங்க, போதும்."

"திறந்தது நான்தான்," என்றாள் வடிவமைப்பவள்.

"அவங்களே ஒத்துக்கிட்டாங்கக்கா! கிளம்பலாமா?" தங்கை பையைத் தோளில் மாட்டினாள்.

"ஒத்துக்கிட்டா ஆச்சா? உட்காருடி."

அக்கா நிதானமாகக் கணினியோடு வந்த ஆன்டிவைரஸைத் திறந்தாள். "இது பிடிச்சு ஒதுக்கி வச்ச ஃபைலையெல்லாம் யாராவது பார்ப்பீங்களா?"

"அது தினமும் ஏதாவது கத்திக்கிட்டே கிடக்கும்," என்றார் முதலாளி.

"இந்த மெஷினோட மெயின் பாஸ்வேர்ட்?"

"என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரிக்கே சொன்னதில்ல."

அக்கா தலையசைத்துவிட்டுத் திரையைத் திருப்பினாள். பட்டியலில் திங்கட்கிழமைக்கு இரண்டே வரிகள்.

"திங்கக்கிழமை பத்தே முக்காலுக்கு மெயில்ல வந்த ஃபைல். பிடிபட்டது இன்னும் உள்ளதான் இருக்கு. ஜெயில்ல இருக்கறவன் வெளிய வந்து எப்படித் திருடுவான்?"

"அப்போ ரெண்டாவது?" தங்கையின் பை தரைக்கு வந்துவிட்டது.

"பென்டிரைவ்ல வந்தது. ஆல்பம் சாஃப்ட்வேரைக் காசு குடுக்காம ஓட வைக்கிற ஃபைல். ஒண்ணே காலுக்குப் பிடிச்சிருக்கு. ஒண்ணு இருபதுக்கு யாரோ 'மீட்டெடு'ன்னு அழுத்தி வெளிய விட்டிருக்காங்க. ஒண்ணரைக்குப் படமெல்லாம் போச்சு." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "மீட்டெடுக்கணும்னா இந்த மெஷின் மெயின் பாஸ்வேர்டைக் கேக்கும், சார்."

முதலாளி குனிந்து அந்த இரண்டாவது வரியைப் படித்தார்.

"அந்த ஃபைலோடயே எழுதியிருந்துச்சும்மா," என்றார் முதலாளி கடைசியில். "ஆன்டிவைரஸ் தடுக்கும், கவலைப்படாம வெளிய எடுங்கன்னு. எங்க தொழில்ல எல்லாருமே அப்படித்தான் பண்றாங்க."

"திருடன் எழுதின சீட்டைப் படிச்சுட்டுக் கதவைத் திறந்திருக்கீங்க."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அக்கா பார்த்த பார்வையில் அடங்கினாள்.

வடிவமைப்பவளுக்கு நிம்மதி வரவில்லை. இரண்டு நாளாகச் சுமந்தது தன்னுடையதே இல்லை என்றால், இவ்வளவு சுலபமாக அதை ஏன் தூக்கிக்கொண்டோம் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. யாராவது குற்றம் சொல்லிக் கை நீட்டினால் உடனே குனிந்துவிடுகிற பழக்கம் எப்போது வந்தது?

சகோதரிகள் கிளம்பிய பிறகு, முதலாளி மேசைமேல் ஒரு காகிதத்தை வைத்தார். கல்யாணப் பெண் வீட்டாருக்கு, வடிவமைப்பவள் பெயரில் தட்டச்சான மன்னிப்புக் கடிதம். நேற்றே தயாரானது.

"தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சா என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்கம்மா. நீன்னா ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுடுவாங்க. உன் வேலைக்கு நான் பொறுப்பு. ஒரு கையெழுத்துதான்."

நேற்று கேட்டிருந்தால் போட்டிருப்பாள்.

"இல்ல சார்," என்றாள். கடிதத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.