வாய்க்காலுக்கு மேற்கே நாலடி

கிழக்கு வட்டத்து நீதிப்பொறிக்குத் தூசு தட்டும் வேலை தம்பி மருதப்பனின் மருமகனுக்குக் கிடைத்த நாளிலிருந்து இசக்கியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் அதன் பக்கத்தில் நிற்கிறவன் காதைக் கடிக்காமலா இருப்பான்?

அப்பா விட்டுப்போன தோப்பில்தான் இசக்கியப்பனின் வீடும் கிணறும் இருந்தன. தம்பி குடியிருப்பது டவுனில். ஆனால் பொங்கலுக்கு வந்தவன் கிணற்றை எட்டிப் பார்த்தான். சும்மாவா பார்ப்பான்? அவனுக்கு முன்னால் தடை வாங்கிவிட வேண்டியதுதான்.

இப்போதெல்லாம் தடை உத்தரவு காகிதத்தோடு நிற்பதில்லை. பொறி சொன்ன கணமே எல்லைக்கற்கள் கண்ணுக்குத் தெரியாத தடைச்சுவரை எழுப்பும். உத்தரவில் பெயருள்ளவன் தலைகீழாக நின்றாலும் நுழைய முடியாது. ஒரே சிக்கல், நிலம் எந்த வட்டமோ அந்த வட்டத்துப் பொறிதான் விசாரிக்கும். தோப்பு கிழக்கு வட்டம். அதன் மேற்கு ஓரத்து வாய்க்காலைத் தாண்டினால் மேற்கு வட்டம்.

இசக்கியப்பன் மேற்கு ஓரத்துக் கற்கள் இரண்டையும் பிடுங்கி, வாய்க்காலுக்கு அக்கரையில் நாலடி தள்ளி நட்டார். கற்கள் தாம் நிற்கும் இடத்தைத் தாமே பொறிகளுக்குச் சொல்லிவிடும். அதற்குமேல் யாரும் வந்து பார்ப்பதில்லை.

வக்கீல் எஸ்தர் மனுவில், சொத்தின் ஒரு பகுதி மேற்கு வட்டத்துக்குள் இருப்பதாக எழுதியிருந்தார். பொறி வழக்கை ஏற்க அதுவே போதும் என்றார். ஒரு பகுதி என்றால் மீதியைக் கிழக்குக்கு அனுப்பிவிட மாட்டார்களா? இவளும் தம்பி ஆளோ?

"முழுசும்னு போடும்மா."

"சத்தியம் பண்ணிக் குடுக்கிற மனு சார். பொறி உங்க வார்த்தையை அப்படியே எடுத்துக்கும்."

"எடுத்துக்கட்டும்."

அரைமணியில் தடை கிடைத்தது. இசக்கியப்பன் வெயிலில் வயல்வழியே வீட்டுக்கு நடந்தார். நட்ட கற்களைத் தாண்டி, வாய்க்காலில் கால் வைக்கப்போனவரை ஏதோ நெஞ்சில் கைவைத்து நிறுத்தியது. கல் பேசியது.

"உங்கள் சொத்து முழுவதும் மேற்கு வட்டத்துக்குள் இருப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறீர்கள். மேற்கு வட்டத்துக்குள் இருப்பது இந்த நாலடி. கிழக்கே உள்ளதில் உங்களுக்கு உரிமை இல்லை. அது மற்ற வாரிசைச் சேர்ந்தது."

அவருக்கு அழுகை வந்தது. பொறியிடமிருந்து தகவல் கிடைத்து டவுனிலிருந்து ஓடிவந்த மருதப்பன் அக்கரையில் நின்றான்.

"அண்ணே, தோப்பே வேண்டாம்னு சொல்லிட்டியளாமே. உங்ககிட்ட யாரு கேட்டா? நான் கேசே போடலையே."

இவ்வளவு பதமாகப் பேசுகிறானே, எதற்கு? இசக்கியப்பன் உதட்டை நக்கிக்கொண்டார். நா வறண்டிருந்தது.

மருதப்பன் கிணற்றில் இறைத்து, சொம்போடு வந்து கையை நீட்டினான். வாய்க்காலுக்கு நேர்மேலே கை நின்றுவிட்டது. இவனை உள்ளே விடக்கூடாது என்று இசக்கியப்பன் காலையில்தான் உத்தரவு வாங்கியிருந்தார்.