எட்டு மணி பத்து நிமிடம்

செவ்வாய்க்கிழமை, மாலை 5.10. வட்டக்கானல், ஒரு மலை விடுதி.

தேநீர் கொண்டுபோன சமையல்காரி அன்னக்கொடி மூன்றாம் அறைக் கதவைத் திறந்தாள். மகேந்திரன் கட்டிலில் படுத்திருந்தான். தரையில் கரி அடுப்பு சாம்பல் பூத்துக் கிடந்தது. கூப்பிட்டாள். கையைத் தொட்டாள். டம்ளர் நழுவி விழுந்தது.

மறுநாள், காலை 9.00.

மகேந்திரனின் அக்கா விஜயராணி அதே அறையில் நின்றாள். திண்டுக்கல்லில் பாலிடெக்னிக் ஆசிரியை, பாடம் கம்ப்யூட்டர். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. அதற்குள் யாரோ நடப்பதுபோல் இலைகள் சரசரத்தன. யாருமில்லை.

"தற்கொலைன்னுதான் எழுதணும்மா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் மகாதேவி. "கரிப்புகை. கதவும் ஜன்னலும் இறுக்க மூடியிருந்திருக்கு."

"அவன் அப்படிச் செய்ய மாட்டான் மேடம்."

"எல்லா வீட்லயும் இதத்தான் சொல்றாங்க."

மகாதேவி நேற்று மாலை தன் போனில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினார். அந்த விடுதிக்காக மகேந்திரன் எழுதிய வலைப்பக்கம் அது. திறந்த அறைக்குள் குரங்குகள் புகுந்து துணிமணியை அள்ளிக்கொண்டு போகும் ஊர். அதனால் கதவுதோறும் ஒரு சென்சார் வைத்து, எந்தக் கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது, மூடியிருந்தது என்று உரிமையாளர் திருமலைச்சாமியின் போனில் தெரியும்படி செய்திருந்தான். திங்கட்கிழமைதான் வேலை முடிந்தது.

'அறை 3. கடைசியாக மூடியிருந்த நேரம்: 8 மணி 10 நிமிடம்.'

"அஞ்சு பத்துலருந்து பின்னால எண்ணுங்க. காலையில ஒம்பது மணி. அப்ப சாத்துன கதவு, அன்னக்கொடி வர்ற வரைக்கும் திறக்கல."

"நானே பாத்தேங்க," என்றார் பக்கத்தில் நின்ற திருமலைச்சாமி. கண்கள் சிவந்திருந்தன. "ஒம்பது மணிக்கு அவரேதான் அடுப்ப உள்ள தூக்கிட்டுப் போயி சாத்திக்கிட்டாரு."

வாசலில் அன்னக்கொடி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அன்னக்கொடி? சொல்லுங்க," என்றாள் விஜயராணி.

"சொன்னா மேடம் வையும். நேத்துப் பன்னெண்டு மணிக்குத் தம்பி என் அடுப்படிக்கு வந்துச்சு தாயி. சோறு தின்னுச்சு. ரெண்டு தரம் ரசம் வாங்கிக் குடிச்சுச்சு. ஒடம்பெல்லாம் வெடவெடன்னு நடுங்குச்சு." அவள் குரல் இறங்கியது. "கதவே திறக்கலேங்குறாக. அப்ப நான் யாருக்குச் சோறு போட்டேன்? அந்தத் தட்டக் கழுவப் பயந்துக்கிட்டு அப்படியே போட்டு வச்சிருக்கேன்."

"ரெண்டு தரம் ரசம் கேக்குற பேய நான் பாத்ததில்ல," என்றார் மகாதேவி. "நாளக் குழப்பிக்கிட்டுப் பேசுது."

விஜயராணி மேசை மேலிருந்த லேப்டாப்பைத் திறந்தாள். கடவுச்சொல் கேட்டது. மேலே நேரம் 3.30.

"அந்தக் கடிகாரம் கோணலா?" என்றார் மகாதேவி.

"இல்ல மேடம். வெளிநாட்டுக் கம்பெனி வேலை. கிரீன்விச் நேரம் வச்சிருக்கான்."

சொல்லிவிட்டு அவள் அந்த 3.30-ஐ இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"திருமலைச்சாமி, உங்க போனக் குடுங்க."

கதவைச் சாத்தினாள். அறை இருண்டது. நாலைந்து மூச்சு விடும் நேரம். திறந்தாள். போனை மகாதேவியிடம் நீட்டினாள்.

'அறை 3. கடைசியாக மூடியிருந்த நேரம்: 5 மணி 30 நிமிடம்.'

"ஆத்தாடி," என்றாள் அன்னக்கொடி.

"பேய் இல்ல. பிழை," என்றாள் விஜயராணி. "எவ்வளவு நேரம்ங்கிற கணக்கு மில்லிவினாடியாத்தான் வரும். அத மணி, நிமிஷமா வகுத்துக் காட்டணும். இவன் குறுக்கு வழியில அதையே ஒரு கடிகார நேரமா மாத்திட்டான். கம்ப்யூட்டருக்குப் பூஜ்யம்னா கிரீன்விச்ல நள்ளிரவு. நம்ம ஊர்ல அப்ப மணி அஞ்சரை. அவன் லேப்டாப்புல சரியா வந்திருக்கும். இந்திய நேரம் வச்ச போன்ல எப்பவும் அஞ்சரை மணி நேரம் கூடுதலாத்தான் வரும். என் மாணவங்க வருஷா வருஷம் பண்ற தப்பு."

மகாதேவி விரல்விட்டு எண்ணினார். "அப்ப ரெண்டு மணி நாப்பது நிமிஷம். கதவு சாத்துனது மத்தியானம் ரெண்டரைக்கு."

"அன்னக்கொடி சோறு போட்டது உசுரோட இருந்த என் தம்பிக்கு." விஜயராணி திரும்பினாள். "திருமலைச்சாமி, ஒம்பது மணிக்கு அடுப்போட போயி சாத்திக்கிட்டான்னு நீங்க கண்ணால பாத்தீங்க. அந்த ஒம்பது மணி உங்க போன் கணக்குல மட்டுந்தான் இருக்கு. வேற எங்கயும் நடக்கல."

திருமலைச்சாமி சுவரில் சாய்ந்தார்.

"ரெண்டரைக்கு எங்க இருந்தீங்க?" என்றார் மகாதேவி.

"இங்கதான்." திருமலைச்சாமி கட்டிலைக் காட்டினார். "ஹீட்டர் ஓடல. தூக்கத்துலயும் நடுங்கிட்டுக் கெடந்தாரு. எழுப்ப மனசு வரல. அடுப்ப நான்தாங்க வச்சேன், கதவையும் நான்தான் சாத்துனேன். இப்படி ஆகும்னு சத்தியமாத் தெரியாது. அப்புறம் போனப் பாத்தா எட்டு மணி பத்து நிமிஷம்னு காட்டுச்சு, எண்ணிப் பாத்தா ஒம்பது மணி. என்னையத் தப்பிக்க விடுதுன்னு நெனச்சேன்."

"அதனால அவன் சாவுக்கு என் தம்பியவே குத்தவாளி ஆக்கிட்டீங்க."

அவர் தலை நிமிரவில்லை. மகாதேவி தற்கொலை என்று எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்தார். புதுத் தாளில் எழுதத் தொடங்கினார்.

"அவன் முழிக்கவே இல்லையா?" என்று கேட்டாள் விஜயராணி.

"இல்லம்மா. போர்வை கீழ விழுந்து கெடந்துச்சு. கழுத்து வரைக்கும் போத்திவிட்டுட்டுத்தான் போனேன்."

பேனா நின்றது. விஜயராணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அதையும் எழுதிக்குங்க மேடம்," என்றாள்.