மூன்றாம் மாடி ரத்த அழுத்தம்

அடுத்த வீட்டில் எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் கதவு திறந்திருந்தால் கண் என்ன செய்யும்?

திங்கட்கிழமை காலையில் எதிர்வீட்டுக்கு நர்ஸம்மா வருவார், தொண்ணூற்று மூன்று வயதுக் கொள்ளுத் தாத்தாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்க. உடனே மூன்றாம் மாடியே அங்கே கூடிவிடும். தையல்காரர், அவர் மனைவி, அப்புறம் நான்.

அன்றும் தாத்தாவின் கையில் பட்டை இறுகியது.

"போன வாரம் எவ்வளவு தாத்தா?" என்றார் தையல்காரர்.

"நூத்தி அறுபத்தெட்டு! உன்னால முடியுமாடா?" தாத்தா ஏதோ பரிசு வாங்கியதுபோல் நிமிர்ந்தார்.

நர்ஸம்மா உதட்டைப் பிதுக்கினார். "இன்னிக்கு நூத்தி எழுபத்திரண்டு. பாவம், இந்த வயசுல இதயம் எவ்வளவுதான் தாங்கும்? டாக்டர் மாத்திரையைக் கூட்டிடுவார்."

தாத்தாவின் முகம் வாடியது. "இப்பவே எழுந்தா தலை சுத்துதும்மா. இன்னும் கூட்டினா எப்படிப் படியிறங்குவேன்? பூங்காவுக்குப் போறதும் போச்சா?"

அவருடைய கொள்ளுப்பேத்தியை நாங்கள் 'ஏன்-எதுக்கு' என்றுதான் கூப்பிடுவோம். வயது பத்து, வாயில் கேள்வி நூறு.

"எனக்கும் பாருங்களேன்" என்று கையை நீட்டினாள்.

நர்ஸம்மா சிறுவர் பட்டையைக் கட்டினார். கருவி நூற்றிரண்டு காட்டியது.

"இப்ப வாய்ப்பாடு சொல்றேன். மறுபடி பாருங்க." பதினேழாம் வாய்ப்பாட்டைக் கத்திச் சொன்னாள். நூற்றுப் பதின்மூன்று!

"ஏன், பேசினாலே ஏறுமா?"

"ஏறும். அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உட்கார்ந்து, பேசாம இருந்துதான் பார்க்கணும்." நர்ஸம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். "இந்தச் சந்தை இரைச்சல்ல எனக்கே மறந்துபோச்சு."

ஏன்-எதுக்கு முதலில் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் வெளியே நில்லுங்க. தையல்கார மாமா, நீங்க ரெண்டு பேரும்தான்."

என்னையா! நான் வாயே திறக்கவில்லையே! சரி, இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

கதவு சாத்தப்பட்டது. தையல்காரர் கதவோடு காதை வைத்துத் தைத்ததுபோல் நின்றார். நானும் இன்னொரு ஓரத்தில் நின்றேன், சும்மாதான்.

"நூத்தி நாப்பத்திரண்டு!" உள்ளிருந்து நர்ஸம்மாவின் குரல் வந்தது. இரண்டாம் தடவையும் கிட்டத்தட்ட அதேதான். அப்புறம் டாக்டருக்குப் போன் போட்டார். "பழைய மாத்திரையே போதுமாம்!"

கதவு திறந்தது. கொள்ளுப்பேத்தி சொன்னபடியே மெதுவாக எழுந்து, தடியை ஊன்றி வெளியே வந்தார் தாத்தா.

"ஏன் எல்லாரும் ஊமையாயிட்டீங்க? பூங்காவுக்கு வாங்க, அங்க போய்ப் பேசுவோம்!"

அன்று பூங்கா பெஞ்சில் இடம் போதவில்லை.