இடப்பக்கத்து இருக்கை

வெறும் கார் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. உள்ளே ஆளில்லை, சாமானில்லை, சீமெந்துத் தரையும் மட்டமான தரைதான். ஆனாலும் பாரமான ஒருவர் இடப்பக்க இருக்கையில் ஏறி இருப்பதுபோல அந்தச் சிவப்புக் கார் அந்தப் பக்கமாக அமிழ்ந்து கிடந்தது. ஷரிபுதீன் ஜாக் வைத்துத் தூக்கி, கீழே படுத்து, வில்தகடுகளைக் கையால் தடவிப் பார்த்தான். வெடிப்பில்லை. டயரில் காற்றும் குறையவில்லை. இறக்கிவிட்டதும் மறுபடி சாய்ந்தது, இருந்தவர் ஒருக்கா அசைந்து இருந்ததுபோல மெல்லிய கிறீச்சோடு.

சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் மூடிக்கிடக்கும் அரிசி மில்லின் ஸ்டோர் அது. பழைய தவிட்டின் புளித்த வாடையும், கூரைத் தகரத்தின் ஓட்டையால் இறங்கும் உப்புக் காற்றும், எங்கோ உயரத்தில் புறாக்கள் செட்டையடிக்கும் சத்தமும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. நோன்பு நாள். தொண்டை காய்ந்திருந்தது. நோன்பு திறக்க முந்தி இடப்பக்கக் கதவைத் தேய்த்து முடித்தால் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார் காரின் சொந்தக்காரர் முபீன் ஹாஜியார். கொழும்பில் பழைய கார்களின் கண்காட்சியில் காரை நிறுத்தப்போகிறார்.

"இது லேசுப்பட்ட வாகனமில்ல ஷரிபுதீன்," என்று காலையில் அவர் பெருமையோடு கதைத்திருந்தார். "சீமையில தகரத்தக் கையால அடிச்சிச் செஞ்ச கார்ப் பொடி. மலைநாட்டுப் பந்தயத்தில வெள்ளக்காரத் துர ஒருத்தர் ஓடினது. வளைவுகள்ல தூக்கி எறியாம இரிக்க, பாரத்துக்கு இடப்பக்கம் ஆள் ஒண்ட ஏத்திக்குவாராம். ஆள் இரிந்தா வெற்றி. தனிய ஓடி ஒருநாளும் வெண்டதில்ல."

"ஏறினாக்கள் என்னாகின ஹாஜியார்?"

"துரட மச்சான்தான் ஏறினவன். உச்சில போய்க் கதவத் தொறந்தா சீட்டில ஆளில்லையாம். வழியில விழுந்திருப்பான் எண்டு காடெல்லாம் தேடினாங்களாம். மறுகா கொழும்பு டொக்டர் ஒருத்தர் வாங்கி ஓடினார். அவர்ர பொஞ்சாதியும் அப்படித்தான் எண்டு கதை." ஹாஜியார் சிரித்தார். "பயப்படாதடா. கதை இரிந்தாத்தான் பழைய சாமானுக்கு விலை."

ஷரிபுதீனும் சிரித்தான். விடிய முந்தி ஸஹருக்குச் சோறு போடும்போது மனைவி ஹப்ஸா கேட்டது அப்போது அவனுக்கு ஞாபகத்தில் இல்லை.

"அந்தச் சிவத்தக் கார்ல என்ன ஒருக்கா ஏத்தி வெச்சிக் காட்டுங்களே. ஓட வேணாம். சும்மா இரிந்து பாக்க."

"ராணிக்குக் கார் கேக்குதோ?"

"பின்னேரம் நோன்புக் கஞ்சி கொண்டுவாற ராணி. ஓம் எண்டு சொல்லுங்க."

"ஓம், ஓம்."

அவள் மருதமுனைப் பெண். சின்ன வயதில் தறியில் அகப்பட்டு, இடக்கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்துபோனவள். அந்த விரலை நீட்டித்தான் அவனை வெருட்டுவாள்.

கிறைண்டர் சிவப்பைத் தின்றது. கீழே நீலம், டொக்டரின் நிறமாக இருக்கும். நீலத்தின் கீழே வெள்ளை, அதில் கறுப்பில் பந்தய இலக்கத்தின் ஒரு வளைவு. ஒவ்வொரு நிறத்தின் கீழும் குழி நிரவும் பட்டி கனமாகப் பூசியிருந்தது. அடிபட்ட கதவு, யாரோ நிரவியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். அடிபட்ட தகரம் உள்ளே குழியும். இது குழியவில்லை. உள்ளேயிருந்து வெளியே புடைத்ததைச் சுத்தியலால் அடித்து அமர்த்தி, மேலே பட்டி பூசி, நிறம் அடித்திருந்தார்கள். வெள்ளையின் கீழும் அப்படி. நீலத்தின் கீழும் அப்படி. விரல்கள் விரிந்த கையளவான புடைப்புகள்.

அவன் கிறைண்டரை நிறுத்தினான். காது இரைந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

ஹப்ஸாவின் குரல், முதுகுக்குப் பின்னால். கதவிலிருந்து கண்ணை எடுக்காமலே வாய் தன்பாட்டில் பதில் சொன்னது. ஸலாம் கேட்டால் யோசிக்கிற பழக்கம் யாருக்கு இருக்கிறது?

"வஅலைக்குமுஸ்ஸலாம். வா புள்ள, வந்து இரி."

பின்னால் கிறுகிப் பார்த்தான். வாசலில் வெயில் மட்டும் சரிந்து கிடந்தது.

கிறீச்.

கார் மெல்ல நிமிர்ந்தது. இருந்தவர் எழும்பிப் போனதுபோல. இப்போது மட்டமாக நின்றது. இருக்கையின் தோலில் நடுவே இருந்த பள்ளம் கொஞ்சங் கொஞ்சமாக ஊதி மேலே வந்தது.

புறாக்களின் சத்தம் இல்லை.

ஏறி இரிக்க இடம் விட்டிருக்கு. அந்த நினைப்பு எங்கிருந்து வந்ததென்று அவனுக்குத் தெரியவில்லை. ஹப்ஸா வரக்கூடாது. போனை எடுத்தான், சார்ஜ் இல்லை. அவளை வழியிலேயே மறிக்கப் புறப்பட்டு, வலப்பக்கமாகப் போய், சுத்தியல் சாமான்கள் கிடந்த ஆயுதப் பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அதே குரல். அதே இழுவை.

இந்த முறை அவன் வாயைத் திறக்கவில்லை. காருக்கு மறைவில் குந்தி, கண்ணை இறுக்கி, காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை நெஞ்சுக்குள் ஓதினான்.

"என்ன, ஸலாத்துக்குப் பதிலுமில்ல? எங்க நிக்கிறீங்க?" செருப்புச் சத்தம் நெருங்கியது. "கஞ்சிய இவடத்த வெச்சிட்டன்."

பதில் சொல்லாதே. சொன்னால் அழைத்ததாகும்.

"ஒளிச்சி விளையாடுற வயசா இது? ஏறப்போறன் நான். ஓம் எண்டு சொன்னீங்கதானே."

உதட்டைக் கடித்தான். இரத்தம் உப்புக் கரித்தது.

"சரி. கதைக்காட்டி ஓம்தான்."

கதவு திறந்தது. மூடியது. கிறீச்.

கார் இடப்பக்கம் சாய்ந்தது.

அப்போதுதான் மணந்தது. இஞ்சி, றம்பை இலை, தேங்காய்ப்பால். சூடான நோன்புக் கஞ்சி.

கஞ்சி மணக்காது, வெறும் குரலாக அது வந்திருந்தால். இது அவளேதான்.

"ஹப்ஸா." சுற்றி ஓடினான். "ஹப்ஸா."

தரையில் கஞ்சிப் பாத்திரம். மூடியின் ஓரத்தால் ஆவி. பக்கத்தில் அவளுடைய செருப்புகள், கார் அழுக்காகக் கூடாதென்று கழற்றி ஒழுங்காக வைத்தபடி. கதவுக் கண்ணாடிக்கு உள்ளே வெறும் இருக்கை. நடுவே புதுப் பள்ளம். பிடியை இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். வரவில்லை.

பொழுது பட, பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள்.

சற்றுமுன் அவன் தேய்த்துப் பளபளப்பாக்கிய வெறும் தகரம், கதவின் நடுவே, உள்ளேயிருந்து மெதுவாகப் புடைத்தது. ஒரு உள்ளங்கை. பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக. கடைசியில் சுண்டுவிரல், வெளிப்பக்கம் வளைந்து.