முதல் வாய்

சிப்பித்துறையில் கடற்காய்ச்சல் புகுந்த நான்காவது வாரம், தலைநகரிலிருந்து தடங்காணி இயந்திரத்தைக் கொண்டுவந்து மீன் ஏலக்கூடத்தில் இறக்கினார்கள். டாக்டர் நிறைமதி அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இப்படித் தெம்பு தெரிந்து நாளாகியிருந்தது.

அதுவரை பதினொரு பேர் இறந்திருந்தார்கள். மருந்து இல்லாமல் அல்ல. மூக்கில் இரண்டு சொட்டு விட்டால் காய்ச்சல் கிட்டே வராது. ஒன்பதாயிரம் பேர் இருக்கும் ஊரில் அதைப் போட்டுக்கொண்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மற்ற எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: துளி போட்டால் மீன் வாசம் தெரியாமல் போய்விடும்.

அந்த ஊரில் மூக்குதான் பிழைப்பு. ஏலம் விடும் பிலோமினா கூடையருகே குனிந்தால் போதும், மீன் எந்த நேரத்தில் வலையில் விழுந்தது என்று சொல்லிவிடுவாள். வாசமளக்கும் கருவிகள் வந்து எத்தனையோ வருஷமாகியும் வியாபாரிகள் அவள் மூக்கைத்தான் நம்பினார்கள். இறந்த பதினொரு பேரில் அவள் கணவர் கஸ்பாரும் ஒருவர். அப்படியும் அவள் துளி போட்டுக்கொள்ளவில்லை.

"அக்கா, போட்டுக்கிட்ட அஞ்சு பேர கூட்டிட்டு வந்தேனே. நீங்களே மீனைக் குடுத்து மோந்து பாக்கச் சொன்னீங்க. சரியா சொன்னாங்களா இல்லையா?" என்று நிறைமதி ஒருநாள் கேட்டார்.

"சொன்னாங்க."

"அப்புறம் என்ன?"

"அவங்களுக்கு வெறும் தண்ணிய விட்டிருப்பீங்க."

நிறைமதி கண்ணை மூடிப் பத்து வரை எண்ணினார். "சரி. உங்க கண்ணு முன்னாடி, நீங்க எடுத்துக் குடுக்கிற குப்பியிலேருந்து நானே போட்டுக்கறேன்."

"நீங்க மீனா ஏலம் விடப் போறீங்க, டாக்டரம்மா? உங்களுக்கு மூக்கு போனா என்ன, இருந்தா என்ன."

பத்தொன்பது கூட்டங்கள் இப்படித்தான் முடிந்தன. நிறைமதி படம் காட்டினால், படத்தை யார் எடுத்தது என்று கேட்டார்கள். எண்களைக் காட்டினால், எண்ணியவர் யார் என்று கேட்டார்கள். சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த அவருக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று, கடைசியில் பொறுமையும் போயிற்று. இத்தனை பேர் ஒரே பொய்யைச் சொல்கிறார்கள் என்றால் அதை யாரோ திட்டமிட்டு விதைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. மூலிகைப்புகை விற்கும் தொம்மை மீது அவருக்குச் சந்தேகம் விழுந்தது. காய்ச்சல் வந்த பிறகு அவன் வியாபாரம் இரட்டிப்பாகியிருந்தது. அது போதாதா? அதிகாரிகளிடம் சொல்லி அவன் கடையை மூட வைத்தார். வதந்தி நிற்கவில்லை. 'உண்மையைச் சொன்னதால் கடையை மூடிவிட்டார்கள்' என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது.

அதன் பிறகுதான் தடங்காணியைக் கேட்டு எழுதினார்.

எல்லோர் காதிலும் செவிமணி உண்டு. ஒருவர் பேசியதும் கேட்டதும் அதற்குள் பூட்டப்பட்டிருக்கும். அவரவர் கைரேகை இல்லாமல் திறக்காது. தடங்காணி ஒரு பேச்சை எடுத்துக்கொண்டு, கேட்ட காதிலிருந்து சொன்ன வாய்க்கும், அந்த வாய்க்குரியவர் அதற்குமுன் கேட்ட இடத்துக்கும் என்று பின்னோக்கியே நடக்கும். கடைசியில் போய் நிற்கும் இடத்துக்கு முதல் வாய் என்று பெயர். ஊரில் முக்கால்வாசிப் பேர் சம்மதித்தால்தான் அதை இயக்கலாம் என்பது சட்டம்.

சம்மதம் ஒரே நாளில் கிடைத்தது. நிறைமதிக்கே வியப்பாக இருந்தது.

"வையுங்க, தாராளமா வையுங்க" என்று பிலோமினாதான் முதலில் விரலை நீட்டினாள். "உண்மைய மொத மொதல்ல வெளிய சொன்ன மகராசன் யாருன்னு எங்களுக்கும் தெரியணும்."

இயந்திரத்தை இயக்க வந்தவள் ஹசீனா. அவள் விசையைத் தட்டியதும் சுவர்த்திரையில் ஆயிரக்கணக்கான சிவப்புக் கோடுகள் ஊர்ந்தன. பிலோமினா தன் நாத்தனாரிடம் கேட்டிருந்தாள். நாத்தனார் ஐஸ் கம்பெனிக் கணக்கரிடம். கணக்கர் கோயில் வாசலில் யாரிடமோ. கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தடித்து, முதல் வாரத் திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு, இதே ஏலக்கூடத்தில் ஒரே புள்ளியில் போய் நின்றன. ஹசீனா அந்தக் குரலை ஒலிக்கவிட்டாள்.

"யாரும் பயப்பட வேண்டாம். துளி போட்டா மீன் வாசம் தெரியாமப் போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

நிறைமதியின் குரல்.

ஹசீனா சங்கடத்தோடு விளக்கினாள். "இதுக்கு முன்னாடி இந்த ஊர்ல யார் வாயிலயும் இந்தப் பேச்சு வரல, டாக்டர். நீங்க முன்னெச்சரிக்கையா சொல்லியிருக்கீங்க. இரண்டாவது வாயிலயே 'நம்பாதீங்க' விட்டுப்போச்சு. மூணாவது வாயில, சொன்னது யாருங்கறதும் விட்டுப்போச்சு."

"இல்ல" என்றார் நிறைமதி. "நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"உங்க செவிமணியிலயும் இருக்கு, டாக்டர்."

"குரலை யாரு வேணும்னாலும் செய்யலாம். இந்த மெஷின்ல யாரோ கை வெச்சிருக்காங்க. யார் கொண்டுவந்தது இதை? வழியில எங்க நிறுத்தினீங்க?"

அவர் கத்துவதை ஊர் வேடிக்கை பார்த்தது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் சலிப்போடு சொன்னார்: "அட, இந்தம்மா சொன்னதா இது? நான் எவனோ விவரம் தெரிஞ்சவன் சொன்னான்னுல்ல நெனச்சேன்."

"அதானே" என்றாள் பிலோமினா. "இந்தம்மா சொன்ன எதையாவது நாம நம்பியிருக்கோமா? இத மட்டும் எதுக்கு நம்பணும்?"

அவள் நேராக, மருந்துக் குப்பிகளோடு ஓரமாகக் காத்திருந்த நர்ஸிடம் போய், பெஞ்சில் உட்கார்ந்து தலையை அண்ணாந்தாள். துளி உள்ளே இறங்கியபோது அவள் கண்ணில் நீர் வழிந்தது. "கஸ்பாருக்கும் இத போட்டிருக்கலாம்" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். அவளுக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நீண்டது.

ஒன்பது நாளில் ஊர் முழுக்கத் துளி போட்டாயிற்று. இரண்டு வாரத்தில் காய்ச்சல் ஓய்ந்தது. தொம்மை கடையைத் திறந்தான்.

ஒரு மாதம் கழித்து பிலோமினா இரண்டு சீலா மீனோடு டாக்டரைப் பார்க்கப் போனாள். அறைச் சுவர் முழுவதும் வரைபடங்கள் ஒட்டியிருந்தன. ஹசீனாவின் படம், அவள் வந்த படகின் படம், இரண்டுக்கும் நடுவே கோடுகள். மேசையில் தலைநகரின் கடிதம் கிடந்தது: தடங்காணியைச் சோதித்தோம், எந்தப் பழுதும் இல்லை. சோதித்தவர்களை யார் சோதித்தார்கள் என்று கேட்டு நிறைமதி பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

"விடுங்க டாக்டரம்மா" என்றாள் பிலோமினா. "அதான் எல்லாம் சரியாப் போச்சே. நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. வாய் தவறி வந்துருச்சு. யாருக்குத்தான் வராது?"

நிறைமதி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். காதிலிருந்து செவிமணியைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"உங்களுக்குத் தெரியாதுக்கா" என்றார் தாழ்ந்த குரலில். "இதுக்குப் பின்னாடி பெரிய ஆளுங்க இருக்காங்க."