காணாமல் போன வெள்ளப் பம்பு

காலை ஒன்பது மணி. பின்னால் பார்க்காமல் ஸ்கூட்டரைப் பின்னுக்கு எடுத்து, எங்கள் தெருப் பம்பு ஷெட்டின் கதவை இடித்துச் சாய்த்தேன். வெள்ளத் தடுப்புக் கமிட்டிச் செயலாளராக நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். பூட்டு உடையாமல் கதவோடு கிடந்தது. உள்ளே, தார்ப்பாய்க்கு அடியில் பம்புக்குப் பதில் செங்கல்.

ஆறு கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பம்பு ஓடாவிட்டால் மாலைக்குள் தெருக்கோடித் தையல்காரம்மா வீட்டில் தண்ணீர்.

சாவி மூன்று பேரிடம்: நான், மெக்கானிக், கமிட்டித் தலைவரான என் மாமனார். முதலில் என்னை விசாரித்தேன். அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது, விட்டுவிட்டேன்.

மெக்கானிக் தன் வீட்டில், தரையில் கிடந்த அரிசி மூட்டைமேல் சாய்ந்திருந்தார்.

"பம்ப எடுத்தீங்களா?"

"எடுத்து என்ன பண்ண? ரிப்பேர் பண்ணின கூலியே இன்னும் வரல சார்."

மாமனார் வீட்டு ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில் எடுத்தேன். வழக்கமாகக் குனிவேன், இன்று நிமிர்ந்தே எடுத்தேன். முதுகுக்கு நல்லது.

"மாமா, பம்பு எங்க?"

"பாத்துக்கலாம் மாப்பிள்ள."

பம்புச் செலவுக்கு நிதி கேட்டால் அரசு அலுவலகத்தில் வரும் பதிலும் இதேதான். கூடவே ஒரு கேள்வி: "உங்க தெருவுல வெள்ளமே வரலையே சார்?"

மழை பிடித்துக்கொண்டது. தையல்காரம்மாவை எச்சரிக்க ஓடினேன்.

"பம்பு இருக்கே, எனக்கென்ன பயம்? ஃப்ரிட்ஜுல தண்ணி இருக்கு, எடுத்துக் குடிங்க."

குனிந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போதுதான் புத்தி வேலை செய்தது.

நொண்டியபடி மாமனார் வீட்டுக்குத் திரும்பினேன். ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஷெட்டில் பார்த்த அதே செங்கல்.

"பம்ப நம்புறவங்க யாரும் ஃப்ரிட்ஜத் தூக்கி வைக்கல மாமா. அது ஓடாதுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு."

அவர் ஜன்னலையே பார்த்தார். "வெள்ளம் வராத தெருவுக்குப் பணம் கிடையாதாம். கைக்காசப் போட்டு எத்தன வருஷம் தண்ணிய வெளிய தள்றது? ஒரு தடவ கணுக்கால் அளவு வந்தா, கரைச்சுவரே கட்டிக் குடுப்பான்."

"யாரு கணுக்கால்? தையல்காரம்மா மிஷின் மோட்டாரெல்லாம் தரையில இருக்கு. அந்தம்மா சாப்பாடே அதுதான்."

அவர் ஜன்னலைத் திறந்து தெருக்கோடியை எட்டிப் பார்த்தார்.

"பம்பு எங்க மாமா?"

பெண் கொடுத்த நாளிலிருந்து எதையும் சுற்றி வளைக்காமல் என்னிடம் சொன்னதில்லை அவர். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"உங்க மொட்டைமாடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னால. என் பொண்ணுதான் மாடிக் கதவத் திறந்துவிட்டா. வாங்க, ஒரு பக்கம் நான் பிடிக்கறேன்."